நாற்சந்தியில் ஒரு பழைய தெய்வம்: போராட்டமும் மந்திரமும் கலந்த மாயப் புனைவு நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

நகரத்தில் ஒரு போராட்டம், அதன் நடுவே செல்வாக்கு இழந்த ஒரு தெய்வம், கூடவே மந்திரம். இந்த மூன்றையும் வைத்து நாவல் எழுத இப்போது பலர் முயல்கிறார்கள். நான் அப்படி ஒன்றை எழுதி முடித்திருப்பதால் சிலர் தங்கள் கைப்பிரதியை என்னிடம் தருகிறார்கள். பெரும்பாலானவை பாதியில் நின்றிருக்கும். நிற்கும் இடமும் ஒன்றுதான்: போலீஸ் தடியடிக்கு வரும் அத்தியாயம்.

காரணம் வரிசைக் கோளாறு. மந்திரத்தை முதலில் யோசித்து, அதற்குத் தோதாக ஒரு தெய்வத்தைப் பிடித்து, கடைசியில் பின்னணிக்கென்று ஒரு போராட்டத்தை ஒட்டியிருப்பார்கள். தடியடி தொடங்கியதும் நாயகி கையை உயர்த்தினால் லத்திகள் பறந்துவிடும். அதன் பிறகு கதை இல்லை. உயர்த்தாவிட்டால், ஏன் உயர்த்தவில்லை என்று வாசகர் கேட்பார். அங்கே பேனா நின்றுவிடுகிறது.

நிலம், கோரிக்கை, தெய்வத்தின் இழப்பு, அப்புறம்தான் மந்திரம். இந்த வரிசையில் போனால் தடியடி அத்தியாயம் தானாக நகரும். எப்படி என்று காட்ட ஒரே உதாரணக் கதையைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: சென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒரு கற்பனைக் குடியிருப்பு, அதன் நாற்சந்தியில் எண்ணெய் பூசிய ஒரு கல்.

1. எழுத உட்காரும் முன்

முதலில், காலால் நடந்து பழகிய ஒரு பகுதி வேண்டும். கூகுள் மேப் போதாது. எந்தச் சந்தில் ஜேசிபி நுழையும், எதில் நுழையாது என்பது நடந்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, ஓர் உண்மையான ஆக்கிரமிப்பு அகற்ற நோட்டீஸைப் படித்துப் பாருங்கள். அதன் நடை, அதில் வரும் சர்வே எண், 'தவறும் பட்சத்தில்' என்று தொடங்கும் மிரட்டல். உங்கள் நாவலின் வில்லன் பேசப்போவது அந்த மொழியில்தான். கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதியை விட அது பயமுறுத்தும்.

மூன்றாவது, ஓர் அம்மன் கோயில் திருவிழாவைக் காப்புக் கட்டுவதிலிருந்து கடைசி நாள்வரை கூட இருந்து பாருங்கள். என்ன செய்தார்கள் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்றார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது படியில் அந்தக் குறிப்பு இல்லாமல் திண்டாடுவீர்கள்.

படிக்க வேண்டியவை அதிகமில்லை. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, அடைக்கலக் காதை, அழற்படு காதை மூன்றையும் நல்ல உரையோடு படியுங்கள். மதுரை வீரன், காத்தவராயன் கதைப்பாடல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாயப் புனைவுகளை முதல் வரைவு முடியும்வரை தள்ளி வைப்பது நல்லது. அவற்றின் தெய்வங்களும் அவற்றின் மழையும் நம் எழுத்துக்குள் வந்துவிடும்.

2. நிலத்தை வரையுங்கள்

ஒரு முழுத்தாளில் வரைபடம் போடுங்கள். குடிநீர் லாரி நிற்கும் இடம், ரேஷன் கடை, டீக்கடை, பொதுக் கழிப்பறை, போலீஸ் ஜீப் வழக்கமாக நிறுத்தப்படும் மரநிழல், வாய்க்கால், அதைத் தாண்ட ஒரே ஒரு பாலம். கடைசியாக, தெய்வம் இருக்கும் இடம்.

இதை ஏன் முதலில் செய்கிறோம் என்றால், போராட்டமும் எல்லையை வைத்து நடக்கிறது, சாமியும் எல்லையை வைத்து இயங்குகிறது. எந்தக் கோட்டைத் தாண்டினால் கைது, எந்தக் கோட்டைத் தாண்டினால் சாமிக்குச் சக்தி இல்லை என்ற இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உங்கள் முக்கியமான காட்சிகள் எல்லாம் நடக்கும்.

கற்பனை ராஜ்ஜியத்தில்தான் எழுதுவேன் என்கிறவர்கள் எழுதலாம். ஆனால் அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு தாசில்தார் அலுவலகத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். கோட்டை கட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் வரைபடத்தின் ஓரத்தில் குறியுங்கள். சென்னை என்றால் நகரின் தெற்கு விளிம்பில் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். ஊரை எரித்தவளின் பெயரை ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்திருக்கிறார்கள். இதை நாவலில் நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

3. கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்

'அநீதி ஒழிக' என்பது கோரிக்கை ஆகாது. ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்டு நிறைவேற்றவோ மறுக்கவோ முடிகிற ஒன்றுதான் கோரிக்கை. கல்வியாண்டு முடியும்வரை வீடுகளை இடிக்காதே. மறு கணக்கெடுப்பு நடத்து. வாடகைக்கு இருப்பவர்களையும் பட்டியலில் சேர். இந்த அளவுக்குக் குறுக்குங்கள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் அதே தாளில் எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றியபோது அரசு சொன்ன காரணம் வெள்ள ஆபத்து. அதில் உண்மை இருக்கிறது. அதே கரையில் பெரிய கட்டடங்கள் நிற்கின்றன என்பதும் உண்மை. இரண்டையும் தெரிந்த ஓர் உதவிப் பொறியாளரை உருவாக்குங்கள். அவர் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. அவர் இல்லாத நாவலில் அரசுத் தரப்பு அட்டைப் பொம்மையாகிவிடும்.

உதாரணக் கதையில் கோரிக்கை இது: குடும்பக் கணக்கெடுப்பை அலுவலகத்தில் அல்ல, நாற்சந்தியில் எல்லோர் முன்னாலும் நடத்து. சாதாரணமாகத்தான் தெரிகிறது. அடுத்த இரண்டு படிகளில் இதன் கனம் ஏறும்.

4. தெய்வம் எதை இழந்தது?

புதியவர்கள் 'சாபத்தால் சக்தி இழந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். யார் சாபம், எந்தச் சக்தி என்று கேட்டால் பதில் இருக்காது. தெய்வங்கள் வீழ்வதற்கு நம் மண்ணிலேயே பல வழிகள் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மறதி ஒரு வழி. தொல்காப்பியம் நெய்தலுக்கு வருணனையும் மருதத்துக்கு வேந்தனையும் வைத்தது. முருகனும் திருமாலும் பெருங்கோயில்களில் இருக்க, வருணன் பெயர் மழை பொய்த்த வருடம் ஜபத்தில் மட்டும் வருகிறது. மணிமேகலையில் இந்திரவிழாவை அரசன் மறந்ததால் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. மறக்கப்பட்ட தெய்வம் பழிவாங்கும் கதைக்கு இது தயார் நிலம்.

திருட்டும் இடப்பெயர்ச்சியும் இன்னொரு வழி. திருடப்பட்ட பத்தூர் நடராஜர் சிலை லண்டன்வரை போய், வழக்கு நடந்து, 1991-ல் திரும்பியது. கோயில் மூர்த்தியை நம் சட்டம் ஒரு நபராகவே ஏற்கிறது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். ஆனால் என்றென்றைக்கும் மைனர், காப்பாளர் மூலமாகத்தான் பேச முடியும். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைக்காது.

பறிக்கப்பட்ட படையல் மூன்றாவது. தமிழ்நாட்டில் 1950-ம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-ல் தூசி தட்டி அமல்படுத்தினார்கள், 2004-ல் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் கிடா கிடைக்காத ஒரு கருப்பசாமி என்ன நினைத்திருப்பார்? ஒரு சிறுகதைக்கு இதுவே போதும்.

நம் நாட்டார் மரபில் எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும் கழுவேறிய காத்தவராயனும் அதிகாரத்தால் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள். அதனால் போராட்டத்தில் ஒருவர் இறக்கும் காட்சியை எழுதும்போது கவனமாக இருங்கள். இறந்தவர் எழுந்து நிற்பார் என்று நம் வாசகர் பாதி எதிர்பார்த்துவிடுவார். எழவைப்பதா வேண்டாமா என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள், எழுதிக்கொண்டு போகும்போது அல்ல.

உதாரணக் கதைக்கு நான் எடுப்பது புகாரின் சதுக்கப் பூதம். நாற்சந்தியில் இருந்துகொண்டு பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் அந்தப் பூதத்துக்கு இளங்கோ தெளிவான வரம்பு வைத்திருக்கிறார். பொய்த் தவசிகள், வஞ்சக ஒழுக்கமுள்ள பெண்டிர், துரோகம் செய்யும் அமைச்சர், பிறன்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர். அவ்வளவுதான். திருடன் வந்தால்கூடத் தொடாது. நம் கதையில் அது சென்னைக்கு வந்து ஒரு கல்லாகச் சுருங்கிக் கிடக்கிறது. வியாழக்கிழமை ஒரு கிழவி எண்ணெய் பூசுகிறாள். பொய்ச்சாட்சிகள் இப்போது நாற்சந்திக்கு வருவதில்லை, ஏ.சி. அறையில் காகிதத்தில் சொல்லிவிடுகிறார்கள். பூதம் இழந்தது பசியையோ பலத்தையோ அல்ல, சாட்சிகள் வந்து நிற்கும் இடத்தை.

இப்போது கோரிக்கையைத் திரும்பப் படியுங்கள். கணக்கெடுப்பை நாற்சந்தியில் நடத்து.

5. மந்திரத்துக்கு விதி எழுதுங்கள்

இந்தப் படிக்கு வந்த பிறகுதான் மந்திரம். விதிகளைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சடங்குகளில் நிறைய இருக்கின்றன. திருப்பணிக்காகப் பாலாலயம் (தற்காலிகச் சன்னதி) செய்யும்போது மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி வைக்கிறார்கள். அப்படியென்றால் தெய்வத்தை ஒரு குடத்தில் தூக்கிக்கொண்டு ஓடலாம். பின்னமான சிலைக்குப் பூஜை கிடையாது. அப்படியென்றால் கல்லில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், ஜேசிபி ஓட்டுநருக்கே தெரியாமல் அவர் ஒரு தெய்வத்தை முடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது காப்பு. மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டவர் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதை அப்படியே போராட்டப் பந்தலுக்குக் கொண்டுவாருங்கள். நூறு பேர் நாற்சந்தியில் காப்புக் கட்டி உட்காருகிறார்கள். கட்டியவர்கள் இருக்கும்வரை பூதத்துக்கு வாய் திறக்கும். போலீஸுக்கு இந்த மந்திரம் தெரியவே வேண்டாம். வழக்கம்போல வேனில் ஏற்றிக்கொண்டு போனாலே போதும், பாலத்தைத் தாண்டும்போது காப்பு முறிந்துவிடும்.

பாருங்கள், தடியடி அத்தியாயம் தீர்ந்துவிட்டது. கையை உயர்த்தலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை.

விதிகள் எழுதியதும் மூன்று சோதனை வையுங்கள். மந்திரத்தால் மட்டுமே கோரிக்கை நிறைவேறுமா? நிறைவேறும் என்றால் விதி தவறு. மந்திரம் இல்லாமலே நிறைவேறுமா? அப்படியானால் தெய்வம் கதைக்குத் தேவையில்லை. மந்திரம் நம்மவரையே கடிக்குமா? கடிக்க வேண்டும். உதாரணக் கதையில் பூதம் முதலில் பிடிப்பது அதிகாரியை அல்ல. வாடகைக்கு விட்ட வீட்டில் தானே குடியிருப்பதாகச் சொன்ன, பந்தலுக்குத் தினமும் சாப்பாடு போடும் அக்காவை.

அவருக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள் என்று ஒரு பையன் முன்வரலாம். அடைக்கலக் காதையில் பொய்ச்சாட்சி சொன்னவனுக்காகக் கோவலன் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தான், பூதம் ஏற்கவில்லை. பேரம் பேச முடியாத தெய்வம் என்ற பயத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

6. கூட்டத்தைப் பிரியுங்கள்

'மக்கள் பொங்கி எழுந்தனர்' என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். மக்கள் என்று ஒருவர் இல்லை. பட்டா வைத்திருப்பவர், வாடகைக்காரர், போன மாதம் வந்தவர், மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போக வேண்டியவர், கட்சி வட்டச் செயலாளர், காலையில் வந்து மாலையில் போகும் கல்லூரி மாணவர். ஒவ்வொருவருக்கும் எதைக் கொடுத்தால் எழுந்து போவார் என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். அரசுத் தரப்பு அந்தக் குறிப்பை வைத்துத்தான் காய் நகர்த்தும்.

1921-ல் பெரம்பூர் பக்கம் பின்னி ஆலை வேலைநிறுத்தம் எப்படிச் சாதி வழியாக உடைந்து புளியந்தோப்புக் கலவரமாக மாறியது என்பதைப் படித்தால், முதலாளியும் அரசும் வெளியிலிருந்து அடிப்பதைவிடக் கூட்டம் உள்ளே பிளப்பது எவ்வளவு கொடியது என்று தெரியும். உங்கள் கதையில் சாமி யாருடையது என்ற கேள்வி சாதிக் கேள்வியாகவே எழும். கல்லுக்கு எண்ணெய் பூசும் உரிமை யாருக்கு? இதைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட்ட கைப்பிரதிகள் எல்லாம் ஏதோ ஒரு வெளிநாட்டில் நடப்பதுபோல் இருக்கின்றன.

7. போராட்டத்துக்கு நாட்காட்டி போடுங்கள்

ஒரு நாளுக்கு ஒரு வரி. அன்று எது மாறியது என்பது மட்டும். அனுமதி மனுவிலிருந்து தொடங்குங்கள். 1888-ம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தில் 41-வது பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆணையர் அதன்கீழ் கட்டுப்பாட்டு உத்தரவைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிக்கொண்டே போவார். வள்ளுவர் கோட்டத்தில் நின்று கத்திக்கொள்ளுங்கள் என்பார்கள். நாற்சந்தி கிடைக்காது. அப்படியென்றால் உங்கள் தெய்வத்துக்கு முதல் எதிரி ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயதான ஒரு காகிதம்.

கைது என்றதும் புதியவர்கள் இருட்டுச் சிறையை எழுதுகிறார்கள். நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். வாசலில் நேற்றைய முகூர்த்தத்தின் வாழைமரம் வாடித் தொங்கும். மேடையில் தெர்மாகோல் எழுத்துகளில் மணமக்கள் பெயர் பாதி பிய்ந்திருக்கும். பெயர், தகப்பனார் பெயர், முகவரி எழுதிக்கொள்வார்கள், பொட்டலத்தில் சாம்பார் சாதம் வரும், ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். காப்பு முறிந்த நூறு பேர் அந்த மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கும் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள். நாவலின் நடுமையம் அதுதான்.

வெற்றி எந்த நாளில் வருகிறது என்பதையும் முன்கூட்டியே குறியுங்கள். அது கடைசி நாளாக இருக்க வேண்டியதில்லை. மெரினாவில் 2017 ஜனவரி 17 தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் அவசரச் சட்டம் 21-ம் தேதியே வந்தது. நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று கூட்டம் நகரவில்லை. 23-ம் தேதி காலை கடற்கரையைக் காலி செய்தார்கள், அன்றே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, அன்றே நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. கோரிக்கை நிறைவேறிய நாளும் அடிவிழுந்த நாளும் ஒன்றாக இருக்க முடியும், அடியை வாங்குபவர் கோரிக்கை வைத்தவராக இல்லாமலும் இருக்கலாம்.

8. எந்தக் காட்சியை முதலில் எழுதுவது?

முதல் அத்தியாயத்தை அல்ல. பேச்சுவார்த்தைக் காட்சியை எழுதுங்கள். ஒரு மேசை, இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். தெய்வம் அறைக்குள் இல்லை. இந்தக் காட்சியில் இருபக்கமும் என்ன விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அதற்கு முன்னால் எதை எழுத வேண்டும் என்று தெளிவாகிவிடும்.

இதற்கு நான் பாடமாகச் சொல்வது அழற்படு காதையும் அதை அடுத்துவரும் கட்டுரைக் காதையும். தீ பரவியதும் காவல் தெய்வங்கள் வாயிலை அடைத்துக்கொள்கின்றன, பூதங்கள் ஊரைவிட்டுப் போகின்றன. நகரத்தின் தெய்வமான மதுராபதி மட்டும் வருகிறாள். அதுவும் கண்ணகியின் முன்னால் நிற்கத் துணியாமல் பின்னால் நிற்கிறாள். முற்பிறப்புக் கதை சொல்லி, அரசன் பக்கம் கொஞ்சம் நியாயம் பேசி, தீயை நிறுத்தச் சம்மதம் வாங்குகிறாள். நல்ல அதிகாரி பேசுவதுபோலவே பேசுகிறாள். எரித்தவளின் நிபந்தனையும் முன்பே இருக்கிறது: பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டுத் தீயோர் பக்கம் போ என்று தீக்கடவுளுக்குச் சொல்லியிருக்கிறாள். உங்கள் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்க வேண்டும். கோபத்தின் உச்சத்திலும் யாரைத் தொட மாட்டாள்?

பேச்சுவார்த்தைக்கு அடுத்து மண்டபக் காட்சி, அதற்கடுத்து அக்காவைப் பூதம் பிடிக்கும் காட்சி. தொடக்கத்தைக் கடைசியாக எழுதினால் போதும்.

9. தெய்வம் எப்படிப் பேசும்?

பெரும்பாலோர் 'மானிடா!' என்று தொடங்குகிறார்கள். டிவி சீரியல் சாமி அது. சாமி வந்து ஆடுபவரிடம் நேரில் நின்றவர்களுக்குத் தெரியும், அது வீட்டுப் பெரியவர் போலத்தான் பேசும். கோபித்துக்கொள்ளும், கணக்குக் கேட்கும்.

"ஏன்டா, போன ஆடிக்கு வரேன்னியே, எங்கே போன?"

"வேலை மாத்திட்டாங்க ஆத்தா. லீவு கிடைக்கலை."

"என்னை மாத்தினா மட்டும் எங்கே போய் நிப்ப?"

மூன்று வரிதான். பக்தனுக்கும் தெய்வத்துக்கும் ஒரே பிரச்சினை என்பது தெரிந்துவிடுகிறது. அதிகாரி பேசும்போது நோட்டீஸ் மொழியும் பேச்சு மொழியும் மாறி மாறி வரட்டும். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் அவர் முழுக்க மனிதராகிவிடுவார்.

10. திருத்தும்போது பார்க்க வேண்டியவை

வரைவை ஒரு மாதம் மூடி வையுங்கள். திறந்ததும் மந்திரம் வரும் வரிகளை எல்லாம் மஞ்சள் பேனாவால் கோடிட்டு, அவற்றை மட்டும் தொடர்ச்சியாகப் படியுங்கள். ஐந்தாம் படியில் எழுதிய விதி எங்காவது வசதிக்காக வளைந்திருந்தால் உடனே தெரியும். கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு சக்தி முளைத்திருந்தால் வெட்டுங்கள். இது மிகப் பரவலான தவறு.

வேறொரு நிறத்தில் கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு, செல்போன் சார்ஜ் பற்றிய வரிகளைக் கோடிடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நீங்கள் போராட்டத்தை எழுதவில்லை, போராட்டத்தின் போஸ்டரை எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் இரவு முழுவதும் பந்தலில் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் எங்கே போய்வருகிறார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, கைப்பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் வீடு இடிபட்ட அனுபவம் உள்ளவர், இன்னொருவர் கோயில் பூசாரி. முதலாமவர் நோட்டீஸ் வந்த பிறகு எத்தனை நாளில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள் என்று திருத்துவார். பூசாரி காப்பை எந்தக் கையில் கட்ட வேண்டும் என்று திருத்துவார். இலக்கிய நண்பர்களிடம் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.